ரோஜா வளையம்

ஐஞ்சுனை மலையின் கடைசி வளைவில் பேருந்து திரும்பும்போது உள்ளே இருக்கிற அத்தனை பேரும் ஒரே குரலில் "அடேங்கப்பா" என்பார்கள். ஓட்டுநர் அதற்காகவே அங்கே வேகத்தைக் குறைப்பார். மூங்கில் காடு சட்டென்று விலகி மலைச்சரிவு முழுவதும் எதிரே வந்து நிற்கும். உச்சியில் மேகம் உட்கார்ந்த கரும்பாறை முகடு. அதன் கீழே படிப்படியாக ஐந்து குளங்கள். மேலே நான்கில் வானம் தெரியும். ஐந்தாவது மட்டும் ரோஜா நிறம். வெயில் ஏறினால் பளீரென்று இருக்கும். மேகம் மூடினால் பழைய பட்டுப்புடவையின் உள்மடிப்பு போல அடங்கிவிடும். கரையில் சுண்ணாம்பு படிந்து வெள்ளை விளிம்பு கட்டியிருக்கும். கேமராவைத் தூக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

நான் அந்தக் குளத்தைக் கவனிக்கிற ஆய்வகத்தில் இருந்தேன். பெயர் திலகவதி. ஊர்க்காரர்களுக்குத் தண்ணி மேடம். அந்தக் குளத்தின் அழகைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நிறம் போக வேண்டும் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

சுனை என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, ஐந்தும் சுரங்கக் குழிகள். மின்கலத்துக்கு உலோகம் வேண்டும் என்று ஒரு நிறுவனம் மலையைப் படிக்கட்டாக வெட்டியெடுத்தது. வேலை முடிந்ததும் குழிகளை அப்படியே போட்டுவிட்டுப் போனது. மலை ஊற்று அவற்றில் நிறைந்தது. மேல் குழியிலிருந்து கீழ்க் குழிக்கு வழிந்து, ஐந்தாவதிலிருந்து ஓடையாக இறங்கி, அடிவாரத்தில் ஓடைக்காடு என்ற ஊரின் வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மலையின் வயிற்றில் இருந்த நஞ்செல்லாம் அதோடு கூடவே போனது. ஊர் ஜனங்களின் உள்ளங்கையில் கரும்புள்ளிகள் வரத் தொடங்கிய பிறகுதான் அரசாங்கம் விழித்தது. ஐந்தாவது சுனையின் மதகை இறக்கிப் பூட்டியது. வழிகிற தண்ணீரை மறுபக்கத்து வறண்ட குட்டைக்குத் திருப்பியது. ஓடைக்காட்டுக்குக் குடிக்க லாரித் தண்ணீர் வந்தது. வயலுக்கு எதுவும் வரவில்லை.

பூவாத்தா அந்த ஊர்க்காரி. வாய்க்கால் தலைப்பிலேயே, தண்ணீர் முதலில் பாய்கிற இடத்தில், அவளுக்கு நிலம். நிலம் காய்ந்ததும் அவள் புருஷன் ராசு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். அவள் மலை மேலே வந்து, ஐந்தாம் சுனைக்குப் போகிற பாதையில் ஒரு சாக்கை விரித்துக் கல் விற்க உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து ஊரிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள்.

கல் எதற்கு என்றால், அங்கே அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் தொடங்கினார்களோ தெரியாது. புதிதாகக் கல்யாணமானவர்கள் பச்சைக் கோடு ஓடிய ஒரு கல்லை இருவரும் சேர்ந்து பிடித்து, குளத்தில் விட வேண்டும். கல் அடியில் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றி அடர் ரோஜாவாக ஒரு வளையம் மெல்ல எழும்பி மேலே வரும். வளையம் முழுசாக வந்தால் குடித்தனம் முழுசாக இருக்கும் என்று நம்பிக்கை. கல்யாண மண்டபத்திலிருந்து மாலையோடு நேரே இங்கே வருகிறவர்கள் உண்டு.

"நல்ல கனமான கல்லாப் பாத்து எடுங்க கண்ணு," என்பாள் பூவாத்தா. "லேசான கல்லுக்கு வளையம் வராது. அப்பறம் மாமியா என்னத்தான் திட்டும்."

தினமும் காலையில் நான் தண்ணீர் எடுக்கப் போகும்போது அவள் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"ஏனுங்க மேடம், எப்பத்தான் தெளியும்?"

"சீக்கிரம்."

"போன வருசமும் இதத்தான சொன்னீங்க. மதகு தெறந்தா அன்னைக்கே பஸ் ஏறீர்றேன்னு எங்கூட்டுக்காரரு சொல்லீருக்காரு. பனியன் துணி தைச்சுத் தைச்சு மனுசன் கண்ணே போச்சு. பொங்கலுக்கு வந்தா நெலத்துல போயி நின்னுட்டு, ஒண்ணும் பேசாமத் திரும்பி வர்றாரு."

ஒருநாள் மாலையும் கழுத்துமாக நின்ற ஒரு மாப்பிள்ளை என் கையிலிருந்த சோதனைக் குழாய்களைப் பார்த்துவிட்டு, "இது எந்த மினரல் மேடம், இந்தக் கலர் குடுக்குது?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பூவாத்தா முந்திக்கொண்டாள். "அது பாசிங்க தம்பி. கண்ணுக்கே தெரியாது. மேடம் ஆபீசுல செஞ்சு கொண்டாந்து உட்டது. தண்ணியில இருக்கற வெசத்தத் திங்குது."

மணப்பெண் கொலுசுக் காலைத் தண்ணீரிலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, கால் நனைச்சா ஒண்ணும் ஆகாது. குடிக்கத்தான் கூடாது," என்றேன் நான். "பாசி இல்ல, ஒரு நுண்ணுயிர். உலோகத்தைத் தின்னுட்டு அடியில வண்டலா படிய வைக்கும். தின்னுட்டு இருக்கும்போது நிறம் காட்டும். செம்பு தின்னா நீலம், மாங்கனீசு தின்னா கத்தரிப்பூ நிறம். தூரத்துல நின்னு பார்த்தாலே எங்க என்ன மிச்சம் இருக்குன்னு தெரியட்டும்னு அப்படிச் செஞ்சோம்."

"ரோஸ் எதுக்கு மேடம்?"

"பாஷாணம்."

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "எல்லாம் தின்னு முடிச்சிட்டா செத்துப் போயிடுமா?"

"சாகாது. நிறம் போயிடும். பட்டினியோட தூங்கும். தண்ணி எங்க போகுதோ அங்கெல்லாம் கூடவே போகும். சாப்பாடு கிடைச்சா எழுந்துக்கும். மேல நாலு சுனை இருக்கே, அங்கெல்லாம் இப்ப தூக்கந்தான்."

அவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. கல்லை விட்டார்கள். வளையம் அழகாக எழுந்து வந்தது. பெண் கைதட்டினாள்.

மேல் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்தது உண்மைதான். ஒவ்வொன்று தெளியும்போதும் அதைச் சுற்றியிருந்த தங்கும் விடுதிகள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த குளத்துக்கு இறங்கின. கடைசியில் எல்லாம் ஐந்தாவதைச் சுற்றிக் குடியேறின. விடுதிக்காரர் சங்கத்துக்கு நவநீதன் தலைவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பாட்டில் தேனைக் கையில் திணிப்பார். "மெதுவா பண்ணுங்க மேடம், என்ன அவசரம்," என்பார்.

நான் மெதுவாகப் பண்ணவில்லை. ஆனால் ஐந்தாம் சுனை அடங்க மறுத்தது. எங்கள் கணக்குப்படி அது எப்போதோ தெளிந்திருக்க வேண்டும். கல்யாண சீசன் முடிந்தால் கொஞ்சம் வெளிறும். தை பிறந்தால் மறுபடி சிவக்கும். பருவமழை பாறையைக் கரைத்து நஞ்சைக் கொண்டுவருகிறது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். மேலும் மேலும் நுண்ணுயிரைக் கொண்டுவந்து கொட்டினேன். தலைமையகத்தில் கேட்டபோதும் மழையைத்தான் சொன்னேன்.

பூவாத்தாவின் கிண்டல்தான் கண்ணைத் திறந்தது. ஒரு பங்குனி மாதக் காலையில் சாக்கிலிருந்து கனமான ஒரு கல்லை எடுத்து என் பையில் போட்டாள்.

"வெச்சுக்கங்க மேடம். காசு வேண்டாம். கல்யாணம் ஆகாதவங்க போட்டாலும் பலன் உண்டாம். அடுத்த வருசம் ரெண்டு பேரா வருவீங்க."

"என்னைக் கட்டிக்கிறவன் இந்த மலைக்கு ஏறி வரணுமே," என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஆய்வகத்தில் பையைக் கவிழ்த்தபோது கல் உருண்டு, மேசையில் இருந்த கண்ணாடிக் குவளைக்குள் விழுந்தது. அதில் நான்காம் சுனையின் தண்ணீர் இருந்தது. தெளிந்த தண்ணீர். சோதித்து, நல்லது என்று முடிவு செய்து வைத்திருந்த தண்ணீர். நான் டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது கல்லைச் சுற்றி ரோஜா வளையம் எழுந்துகொண்டிருந்தது.

டீ ஆறிப்போனது. அந்தக் கற்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாதைக்குப் பின்னால் சுரங்கக் கழிவுக் கல் மேடு ஒன்று புல் முளைத்துக் கிடந்தது. பெண்கள் கூடையோடு அதில் ஏறி இறங்குவதை தினமும் பார்த்திருந்தேன். எது நல்ல வளையம் தருகிறதோ அந்தக் கல்லையே தேடிப் பொறுக்கினார்கள். அதாவது எதில் நஞ்சு அதிகமோ அதையே. ஊர் உலகத்துக் கல்யாணங்கள் எல்லாம் சேர்ந்து அந்தக் குளத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன. மேல் குளங்களுக்கு யாரும் கல் போடவில்லை, அவை தெளிந்துவிட்டன.

குவளையை அப்படியே எடுத்துக்கொண்டு பாதைக்குப் போனேன். பூவாத்தாவின் பக்கத்தில் சாக்கின் மேல் வைத்தேன். சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

அவள் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாக்கில் இருந்த கற்களைப் பார்த்தாள்.

"அப்ப எங்க தண்ணிய நாங்களேதான் அடைச்சுப்போட்டமா?"

"தெரியாமத்தான..."

"எனக்குத் தெரியாது மேடம். உங்களுக்கு?" அவள் குரல் ஏறியது. "தெனமும் இதே வழியிலதான போனீங்க? என்ர சாக்கத் தாண்டித் தாண்டித்தான போனீங்க? குனிஞ்சு ஒரு கல்ல எடுத்துப் பாக்கோணும்னு உங்களுக்குத் தோணலையா? அந்த மனுசன் திருப்பூருல கெடந்து..."

அவமானமாக இருந்தது. கல்யாணத்துக்குப் போடுகிற கல்தானே என்ற இளக்காரத்தில் நான் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

அப்போது ஒரு ஜோடி வந்து நின்றது. "அக்கா, கல் எவ்வளவு?"

பூவாத்தா அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இல்லீங்க," என்றாள். சாக்கு நிறையக் கற்கள் இருந்தன.

அன்று சாயங்காலமே நவநீதன் பெண்கள் எல்லோரையும் விடுதி முற்றத்துக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். தேன் பாட்டில் இல்லை.

"நிறம் போனா இந்த மலைக்கு யாரு வருவா?" என்றார். "பச்சத் தண்ணியப் பாக்கறதுக்கு அவங்கவங்க ஊருலயே ஏரி இருக்குது. ஓடைக்காட்டுப் பொண்ணுங்க உங்களுக்கே இங்கதான் சோறு. அந்தக் காஞ்ச மண்ண நம்பி இத உடறதுக்கு உங்களுக்கு என்ன பைத்தியமா? மேடத்துக்கு மாசம் பொறந்தா சம்பளம். அவங்களுக்கு என்ன?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆற்றுக் கூழாங்கல்லுக்குப் பச்சைக் கோடு போட்டு விற்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். வளையம் வராதே என்றாள் இன்னொருத்தி. வளையம் வராத கல்லை எந்த மாப்பிள்ளை வாங்குவான்?

பூவாத்தா எழுந்தாள். "இவரு பேசறது சரிதானுங்க. ஆனா எம்பட நெலத்துக்குத் தண்ணி வராம அடைக்கற கல்ல நானே கையில தூக்கி விக்க என்னால முடியாது. தெரியாதப்ப வித்தேன். தெரிஞ்சப்பறம் கை வரமாட்டேங்குது." சேலையை உதறிக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். எல்லோரும் மனதாரப் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தி போகிற போக்கில் என் காதில் விழுகிற மாதிரியே திட்டிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு கல் மேட்டுக்கு வேலி போட்டோம். குளத்தின் அடியில் கிடந்த கற்களை எடுக்க ஆள் வேண்டும் என்று தலைமையகத்தில் சண்டை போட்டேன். விற்ற பெண்களே தொடைவரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு, நீளக் கம்பில் வலைகட்டி, பரிசலில் இருந்தபடி கற்களை அள்ளினார்கள். "இது போன தையில அந்த டாக்டர் ஜோடி போட்டது, இந்தக் கல்லுக்கு எங்கிட்ட என்னா பேரம் பேசுனான்," என்று பூவாத்தா ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். மலையில் அவர்கள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நவநீதன் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு மனு போட்டார். பிறகு சலித்துப்போய் விடுதியில் பாதியைப் பூட்டினார்.

சுனை அந்த மழைக்காலத்தில் வெளிறத் தொடங்கியது. மார்கழியில் ஒரு காலை, பனி விலகியபோது, ஐந்தாம் சுனையில் கரும்பாறை முகடு தலைகீழாக நின்றது. அடிவரை தெரிந்தது. வண்டலுக்குமேல் ஒரு நண்டு நடந்து போனது. நான் அந்த மலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக "அடேங்கப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன். பேருந்தில் வந்தவர்கள் இறங்கி, "ரோஸ் குளம் எங்கே?" என்று கேட்டுவிட்டு அதே பேருந்தில் ஏறிக்கொண்டார்கள்.

மதகு திறந்த அன்று ராசு சொன்னபடியே வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தலையணை. அவ்வளவுதான் அவருடைய திருப்பூர். ஒல்லியான மனிதர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஓடையில் தண்ணீர் இறங்கி வருவதற்கு முன்னால் அவர் ஓடினார். வாய்க்காலில் கிடந்த சருகை எல்லாம் கையாலேயே வாரி எறிந்துகொண்டு ஓடினார். அவர் பின்னால் தண்ணீர் வந்தது. தலைப்பு வயலில் அது புகுந்தபோது பூவாத்தா சேறு தெறிக்க உள்ளே இறங்கி நின்றாள். அழுதாள். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

என் வேலை முடிந்தது. கருவிகளைப் பெட்டியில் கட்டினேன். மாற்றல் உத்தரவும் வந்தது. கிளம்புகிற அன்று காலை பூவாத்தா போன் செய்தாள்.

"மேடம், கொஞ்சம் கீழ வந்துட்டுப் போங்க."

குரலில் எதுவும் இல்லை. அதுதான் என்னை பயமுறுத்தியது.

மலைப்பாதையின் கடைசி திருப்பத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்து ஓடைக்காடு முழுவதும் தெரியும். அடிவாரத்திலிருந்து படிப்படியாக இறங்குகிற வயல்கள். அவற்றில் தலைப்பு வயல் மட்டும் தண்ணீர் கட்டி நின்றது. காலை வெயிலில், பச்சை வரப்புகளுக்கு நடுவே, அது ரோஜா நிறத்தில் மின்னியது. அதைவிட அழகான ஒன்றை நான் அந்த மலையில் பார்க்கவில்லை.

சுனையின் தண்ணீரைச் சோதித்தோம். நிலத்தைச் சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மதகு பூட்டுவதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் எத்தனையோ வருடம் இந்த மண்ணில்தான் பாய்ந்தது. கொண்டுவந்ததை எல்லாம் இங்கேதான் இறக்கி வைத்தது. தெளிந்த தண்ணீரோடு பட்டினியாக இறங்கி வந்த நுண்ணுயிர்கள், இங்கே சோற்றைக் கண்டு எழுந்துகொண்டன.

வரப்பில் பூவாத்தாவும் ராசுவும் நின்றிருந்தார்கள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அந்த நிறம் என்ன என்று தெரியும்.

"எத்தன நாளைக்குங்க?" என்றாள்.

"தெரியல பூவாத்தா. தண்ணி கட்டி, வடிச்சு, வண்டல வழிச்சு எடுத்து, மறுபடி கட்டி... ரெண்டு வருசமாகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம். அதுவரைக்கும் இதுல விளையறதச் சாப்பிட முடியாது."

ராசு குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்துப் பார்த்தார். "எங்கப்பன் இந்த வயல் அரிசியத்தான் திங்கோணும்னு அடம் புடிப்பாரு," என்றார். "கையெல்லாம் புள்ளி வந்து, கடைசியில..." சேற்றை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

நான் மாற்றல் உத்தரவைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றே தலைமையகத்தைக் கூப்பிட்டு, போகமுடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. யாரோ மலைத் திருப்பத்திலிருந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். செய்திக்கு அவ்வளவு வேகம். நவநீதன் முன் இருக்கையில் இருந்தார். பின்னாலிருந்து ஒரு புது ஜோடி இறங்கியது. பெண்ணின் கழுத்தில் மாலை வாடக்கூட இல்லை. "அடேங்கப்பா," என்றான் மாப்பிள்ளை. அவன் கையில் பச்சைக் கோடு ஓடிய ஒரு கல் இருந்தது. வேலியைத் தாண்டி யார் எடுத்துக் கொடுத்தார்களோ. பெண்ணும் அதைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வயலை நோக்கிக் குனிந்தார்கள்.

"ஏய்!"

பூவாத்தா போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்குகள் எழும்பின. சேற்றில் விழுந்து எழுந்து வரப்பு மேல் ஓடினாள். "கல்ல எங்கிட்டக் குடு. குடு சொல்றேன். தண்ணிக்குள்ள போட்டீன்னா மாலையோட சேத்து உன்னையும் சேத்துல அமுக்கிப் போடுவேன்!"

மாப்பிள்ளை மிரண்டுபோய்க் கல்லை நீட்டினான். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மூச்சிரைத்தது. மணப்பெண்ணின் முகம் சுருங்கிவிட்டதைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வளையம் வராட்டி என்ன கண்ணு," என்றாள். "எங்களுக்கு வந்த வளையம் இந்த வயலு பூரா கெடக்குது பாரு. போங்க, நல்லா இருங்க."

நவநீதன் வேனிலிருந்து இறங்கவே இல்லை.

அந்தப் பக்கம் ராசு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலோரமாக நடந்தார். தலைப்பு வயலுக்கு அடுத்தது அவருடைய பங்காளியின் வயல். இன்னும் தண்ணீர் படாமல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதன் நிறம் இன்னும் யாருக்கும் தெரியாது. ராசு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் குனிந்து மடையை வெட்டினார்.